ரெனிஸ் விளையாடாதவர்களின் ரெனிஸ் முழங்கை

(நூற்றாண்டு நிகழ்வுகளின் வரிசையில் எமது சங்கம் ஒழுங்குசெய்த சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் இருதய நோய் பற்றியும் மார்பகப் புற்றுநோய் பற்றியும் பேசினார்கள். அவை உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயங்கள். நான் முழங்கையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது எமது செயலாளர் கொஞ்சம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "எனக்கும் மூண்டு மாசமா இருக்குது அக்கா, கேத்திலைத் தூக்கேலாது" என்றார். இதற்காக வைத்தியரிடம் போனாரா என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் போறதோ?" என்பதுதான் பதில்.

இந்த நோவால் ஒருவரும் சாவதில்லை. ஆனால் தையல் மெசினை மூடி வைத்தவர்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைத் தூக்கப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே முழங்கையில் மூன்று தடவை ஊசி போட்டுக்கொண்டு நாலாவது ஊசிக்கு ஆயத்தமாக இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். இயன்மருத்துவப் பிரிவில் வேலை செய்த வருடங்களில் இவர்கள் எல்லோரையும் கண்டிருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியிருந்த வைத்தியம் அவர்களுடைய வீட்டிலேயே இருந்தது. அதைச் சொல்வதற்குத்தான் இந்த இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் பெயர். வைத்தியர்கள் இதை "ரெனிஸ் எல்போ" என்பார்கள். பெயரைக் கேட்டவுடன் எங்கள் ஆட்கள், "நான் வலைப்பந்துதான் விளையாடினது, ரெனிஸ் மட்டையைத் தொட்டதும் இல்லை" என்பார்கள். உண்மையில் இந்த நோய் மருத்துவ ஏடுகளில் முதலில் வந்தது விளையாட்டுக்காரரால் அல்ல, எழுதுகிறவர்களால். 1873ஆம் ஆண்டு ருங்கே என்ற ஜேர்மன் வைத்தியர், எழுதுகிறவர்களுக்குக் கையில் வரும் பிடிப்பைப் பற்றி எழுதும்போது முழங்கையின் வெளிப்பக்கத்து நோவை விபரித்தார். பத்து வருடங்களின் பின் இங்கிலாந்தில் புல்தரை ரெனிஸ் பிரபலமாகி, அதை விளையாடிய கனவான்களுக்கும் அதே இடத்தில் நோவு வந்தது. கனவான்களுக்கு வந்ததால் பெயர் அவர்களுடையதாகிவிட்டது. கொப்பி திருத்தும் ரீச்சர்மாருக்கும் தேங்காய் திருவும் அம்மாமாருக்கும் அந்தப் பெயர் பொருந்தவில்லை என்பது பெயர் வைத்தவர்களின் பிழை, உங்களுடையது அல்ல. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேர் வரை இந்த நோவோடு இருக்கிறார்கள். வருகிற வயது பெரும்பாலும் 35க்கும் 55க்கும் இடையில். பாவிக்கிற கையில்தான் கூடுதலாக வரும்.

சொற்களில் ஒரு தெளிவு வேண்டும். கை மடிகிற மூட்டை முழங்கை என்றும், அதிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள பகுதியை முன்கை என்றும் சொல்கிறேன்.

இப்போது எல்லோரும் வலது கையை நீட்டுங்கள். மண்டபத்தில் இருக்கிற எல்லோரும், முன்வரிசை உட்பட. முழங்கையை மடித்து, வெளிப்பக்கத்தில், அதாவது பெருவிரல் பக்கமாக, ஒரு எலும்பு மேட்டை மற்றக் கைவிரலால் தேடுங்கள். அந்த மேட்டுக்கு ஒரு விரல் அகலம் முன்னால், முன்கைப் பக்கமாக அழுத்துங்கள். சாதாரணமாக அங்கே அழுத்தினால் ஒன்றும் இருக்காது. சுரீர் என்று நொந்தால், அடுத்ததைச் செய்து பாருங்கள். கையை முன்னுக்கு நேராக நீட்டி, உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, பொத்திப் பிடியுங்கள். மணிக்கட்டை மேலே நிமிர்த்துங்கள். மற்றக் கையால் அந்தப் பொத்திய கையைக் கீழே அமத்துங்கள், நீங்கள் விட்டுக் கொடுக்காமல் எதிர்த்து நில்லுங்கள். முழங்கையின் அதே இடத்தில் நொந்தால் அனேகமாக இதுதான். கையைத் திறந்து நடுவிரலை மட்டும் அதே மாதிரி அமத்திப் பார்க்கலாம், அதுவும் அங்கேயே நோகும்.

வீட்டில் செய்ய இன்னுமொரு சோதனை இருக்கிறது. எனக்கு இதுதான் விருப்பம், ஏனென்றால் இதுவே பாதி வைத்தியமும். ஒரு சின்ன ஸ்ரூலை உள்ளங்கை கீழே பார்க்க, கை நீட்டியபடி பிடித்துத் தூக்குங்கள். பிறகு அதே ஸ்ரூலை முழங்கையை மடித்து, உள்ளங்கை மேலே பார்க்க, கீழிருந்து ஏந்தித் தூக்குங்கள். முதல் முறையில் நொந்து இரண்டாவது முறையில் நோகாவிட்டால், நோய் என்ன என்பதும் இனி எப்படித் தூக்க வேண்டும் என்பதும் ஒன்றாகவே தெரிந்துவிடும்.

எல்லா முழங்கை நோவும் இது அல்ல. உட்பக்க எலும்பில் நொந்தால் அது இதன் தங்கச்சி, கோல்ஃப் எல்போ என்பார்கள். வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான், பயிற்சியில் கையின் திசை மட்டும் மாறும். மோதிர விரலும் சின்ன விரலும் விறைத்தால் நரம்பு சம்பந்தப்பட்டது. கழுத்தைத் திருப்பும்போது நோவு கையால் இறங்கினால், அல்லது விரல்களில் ஊசி குத்துவது போல இருந்தால், கழுத்தைப் பார்க்க வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானத்தை முழங்கை நோவென்று நினைத்து மாதக்கணக்கில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. கையை ஊன்றி விழுந்தபின் முழங்கையை முழுதாக நீட்ட முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், பொறுத்துப் பார்க்கக் கூடாது. மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருந்து காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். இடது கை நோவுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் இருந்தால் முழங்கையை மறந்துவிட்டு 1990க்கு அழையுங்கள்.

அம்மம்மாமாருக்கு இடையில் ஒரு சொல்லு. சின்னப் பிள்ளையை ஒரு கையில் பிடித்து இழுத்துத் தூக்கியபின் அது கையை அசைக்காமல் தொங்கவிட்டு அழுதால், மூட்டு சற்று விலகியிருக்கிறது. அது வேறு விஷயம், உருவ வேண்டாம், வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

சரி, எங்களுடைய நோவுக்கு வருவோம். ஏன் அந்த இடத்தில் வருகிறது? மணிக்கட்டைப் பின்பக்கம் நிமிர்த்துகிற தசைகள் முன்கையின் முதுகுப்பக்கம் ஓடுகின்றன. அவை மேலே போய் ஒரு தசைநாணாகச் சேர்ந்து, நீங்கள் இப்போது தொட்ட அந்த எலும்பு மேட்டில் ஒட்டியிருக்கின்றன. "நான் மணிக்கட்டை நிமிர்த்துகிற வேலை ஒன்றும் செய்வதில்லையே" என்று தோன்றும். மணிக்கட்டை நன்றாகக் கீழே மடித்து வைத்துக்கொண்டு இறுக்கிப் பொத்திப் பாருங்கள். பலம் வராது. இறுக்கிப் பிடிக்க வேண்டுமென்றால் மணிக்கட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆகவே கத்தியோ கரண்டியோ வாளியோ வெண்கட்டியோ, எதைப் பிடித்தாலும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தசைநாண் இழுபடுகிறது. பிடித்தபடி முறுக்கினால், பிழிந்தால், இன்னும் கூட இழுபடுகிறது.

தசைநாணைத் தும்புக் கயிறு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல கயிற்றில் தும்புகள் ஒரே திசையில் நெருக்கமாக இருக்கும். தாங்கக்கூடியதை விடக் கூடுதலாக, ஆறுவதற்கு இடைவெளி இல்லாமல் இழுத்தால், தும்புகள் அங்கங்கே குலைந்து பிரிகின்றன. 1979இல் நேர்ஷல், பெற்றோன் என்ற இரண்டு அமெரிக்க சத்திரசிகிச்சை வைத்தியர்கள் இந்த நோயாளர்களிடமிருந்து வெட்டி எடுத்த தசைநாணை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதியது இதைத்தான். அழற்சிக்குரிய கலங்களை அவர்கள் அங்கே காணவில்லை. ஒழுங்கு குலைந்த நார்களும், அரைகுறையாக ஆறப் பார்த்த அடையாளங்களும்தான் இருந்தன.

இந்த ஒரு விஷயத்தால் வைத்தியத்தின் போக்கே மாறுகிறது. அழற்சி என்றால் மருந்து கொடுத்து அணைத்துவிடலாம், ஓய்வு கொடுத்தால் அடங்கிவிடும். குலைந்த கயிறு அப்படி அல்ல. அது திரும்பத் திரிபடுவதற்கு அளவான இழுப்பு வேண்டும். கையைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு மாதம் சும்மா இருந்தால் நோவு குறையும். தசைநாணும் தசையும் இன்னும் பலவீனமாகும். பிறகு ஒரு நாள் ஒரு பானையைத் தூக்குவீர்கள், பழையபடி தொடங்கும். "ஓய்வெடுங்கோ" என்ற ஆலோசனையில் எனக்கு இன்னுமொரு மனக்குறை உண்டு. வீட்டில் சமைத்து, தோய்த்து, கூட்டி, வேலைக்கும் போய்வருகிற ஒருத்தியிடம் அதைச் சொல்கிறவருக்கு, அந்த ஓய்வை யார் தருவார்கள் என்ற கேள்வி வருவதில்லை. நான் சொல்வது வேலையை நிறுத்தச் சொல்லி அல்ல, பிடியை மாற்றச் சொல்லி.

பிடியை மாற்றுவது என்றால் அடிப்படையில் மூன்று விஷயம்: உள்ளங்கை மேலே பார்க்கட்டும், முழங்கை மடிந்து உடம்போடு ஒட்டி இருக்கட்டும், ஒரு கை வேலையை இரண்டு கை செய்யட்டும். இதை எங்கள் குசினிக்குக் கொண்டுவருவோம்.

தேங்காய் திருவுவதுதான் பெரிய எதிரி. பாதியை இறுக்கிப் பிடித்து, அமத்தி, முறுக்குகிறோம், அதுவும் நூறு தடவைக்கு மேல். நோவு கூடுதலாக இருக்கும் முதல் இரண்டு மூன்று கிழமைக்கு இதை வேறொருவர் செய்யட்டும். வீட்டில் இருக்கிற ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் இரண்டு கை இருக்கிறது, திருவலையில் இருந்து பழகினால் ஒன்றும் குறைந்துவிடாது. பிறகு தொடங்கும்போது ஒரு பாதியைத் திருவி, வேறு வேலை பார்த்துவிட்டு, மற்றப் பாதிக்கு வாருங்கள். பால் பிழிவதைக் கையால் முறுக்கிப் பிழியாமல், இளஞ்சூட்டு நீர் விட்டு அரைத்து, வடியில் போட்டு உள்ளங்கையால் அமத்தி வடியுங்கள். இடியப்பத்துக்கு மாவை நல்ல கொதிநீரில் கொஞ்சம் இளக்கமாகக் குழைத்தால் உரலில் பிழியும் பாரம் பாதியாகும். உரலில் மாவையும் பாதி பாதியாகப் போடுங்கள். காய்கறிக் கத்தியின் பிடி மெல்லியதாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டி வரும், பழைய சைக்கிள் ரியூப் ஒரு துண்டை அதில் சுற்றிக் கட்டினால் பிடி தடிக்கும், கை தளரும். கும்பிக் கரண்டிக்கும் தும்புத்தடிக்கும் அதே வைத்தியம். கேத்திலையும் சோற்றுப் பானையையும் மேலிருந்து ஒரு கையால் தூக்காமல், பிடிதுணியோடு இரண்டு கையாலும் தூக்குங்கள்.

உடுப்புப் பிழிவது அடுத்தது. படுக்கை விரிப்பைப் பைப்பிலோ தூணிலோ மாட்டி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து முறுக்குங்கள். அல்லது நீர் வடியத் தொங்கவிடுங்கள். எங்கள் வெயிலுக்கு அது காயும். வாளியை அரைவாசி நிரப்பி இரண்டு தரம் போய்வருவது நல்லது.

ரீச்சர்மார் கரும்பலகையில் தோளுக்கு மேலே எழுதுவதைக் குறையுங்கள், கொப்பி திருத்தும்போது பேனையைப் பிடிக்கும் இறுக்கத்தைக் கவனியுங்கள், தடித்த பேனையாக இருந்தால் நல்லது. தையல் செய்பவர்கள் கத்தரிக்கோலைக் கூராக வைத்திருங்கள், மொட்டைக் கத்தரிக்கோல்தான் கையை எடுக்கும். கணினியில் வேலை செய்பவர்கள் மவுசை உடம்புக்குக் கிட்ட எடுத்து, முன்கை முழுவதும் மேசையில் படும்படி வையுங்கள். தொலைபேசியைக் கட்டிலில் படுத்தபடி ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணித்தியாலக் கணக்கில் பார்ப்பதும் ஒரு பாரம்தான்.

வெளிநாட்டில் இருந்து வந்திருக்கிறவர்களுக்கும், பிறகு இதை மலரில் வாசிக்கப் போகிறவர்களுக்கும்: பனி தள்ளும்போது சவளை நிறைய அள்ளாதீர்கள், தூக்கி எறிவதை விடத் தள்ளிக்கொண்டு போவது கைக்கு நல்லது. குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டிலிருந்து நாலு லீற்றர் பாலை உள்ளங்கை கீழே பார்க்க எட்டி எடுப்பது, நான் சொன்ன ஸ்ரூல் சோதனையைத் தினமும் காலையில் செய்வதற்குச் சமம். பாலைக் கீழ்த் தட்டில் வையுங்கள். பராமரிப்பு இல்லங்களிலும் தொழிற்சாலைகளிலும் காசாளர் மேசைகளிலும் ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்கிறவர்கள், இதை வேலையால் வந்த நோவு என்று வேலைத்தலத்தில் ஆரம்பத்திலேயே பதிந்து வையுங்கள். எங்கள் ஆட்கள் வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்வதில்லை. கை முற்றாக ஏலாமல் வந்தபின் சொல்வதில் பயன் குறைவு.

இனி எண்ணெய், ஒத்தடம், குளிசை. ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றிப் பத்து நிமிடம் வைப்பது, நோவு கூடின அன்று ஆறுதல் தரும். சிலருக்குச் சூட்டு ஒத்தடம்தான் இதம். எது இதமோ அதைச் செய்யுங்கள், இரண்டுமே தசைநாணைத் திருத்துவதில்லை, இரவில் நித்திரை கொள்ள உதவும். சலரோகத்தால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டில் கவனம், தோல் வெந்ததும் தெரியாது. நோவெண்ணெயும் சித்தாலேபவும் மெதுவாகப் பூசலாம். அந்த எலும்பு மேட்டிலேயே கட்டை விரலை ஊன்றி உருவுவதை மட்டும் விட்டுவிடுங்கள். உருவ வேண்டுமென்றால் அதற்குக் கீழே, முன்கையின் தசைப்பகுதியை உருவுங்கள்.

டைக்ளோபெனாக் போன்ற ஜெல் சில நாள் நோவைக் குறைக்கும். குளிசையாக எடுப்பதென்றால் பனடோலோடு நில்லுங்கள், வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் நோய் உள்ளவர்களும் உடல் நிறை குறைந்தவர்களும் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். டைக்ளோபெனாக், இபுப்ரோபன் குளிசைகளை மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கிக் கிழமைக்கணக்கில் விழுங்குகிறவர்கள் நிறைய. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம், தொய்வு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவை ஆபத்தானவை. எங்கள் நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. அவற்றை எடுத்துக்கொண்டிருக்கும்போது டெங்குக் காய்ச்சல் வந்தால் இரத்தப்போக்கு வரும் ஆபத்து கூடும். காய்ச்சல் தொடங்கினால் அந்தக் குளிசையை உடனே நிறுத்தி, எடுத்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

முழங்கைப் பட்டி பற்றிக் கேட்பீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் அந்தப் பட்டியை எல்லோரும் நோகிற எலும்பின் மேலேயே கட்டுகிறார்கள். அதற்கு இரண்டு விரல் அகலம் கீழே, முன்கையின் தடித்த தசையில் கட்ட வேண்டும். வேலை செய்யும்போது மட்டும் கட்டுங்கள், படுக்கும்போது கழற்றுங்கள். விரல் விறைத்தால் இறுக்கம் கூடிவிட்டது.

இப்போது முக்கியமான பகுதி, பயிற்சி. மேசை ஒன்றில் முன்கையை வைத்து, மணிக்கட்டும் கையும் மேசை விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை கீழே பார்க்க இருங்கள். மற்றக் கையை இதன் முதுகின் மேல் வையுங்கள். கீழ்க் கை மேலே எழும்பப் பார்க்கட்டும், மேல் கை விடாமல் அமத்தட்டும். ஒன்றும் அசையக் கூடாது. பாதிப் பலத்தோடு தொடங்கி, முப்பது முதல் நாற்பத்தைந்து வினாடி பிடியுங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். இப்படி ஐந்து தடவை, தினமும். நோவு மிகக் கடுமையாக இருக்கிற காலத்திலும் இதைச் செய்யலாம், பலருக்குச் செய்து முடிந்தவுடனே நோவு குறைந்திருப்பது தெரியும்.

இரண்டு கிழமையில் அது சுகமாக வரும்போது, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை எடுங்கள். பாதி நிரப்பினால் கால் கிலோ. அதே மேசை, அதே இருப்பு. போத்தலைப் பிடித்த கையை மற்றக் கையின் உதவியால் மேலே நிமிர்த்துங்கள். பிறகு உதவியை எடுத்துவிட்டு, ஐந்து எண்ணும் வரை மெது மெதுவாகக் கீழே இறக்குங்கள். மேலே போவது மற்றக் கையின் வேலை, கீழே இறங்குவது நோகிற கையின் வேலை. இந்த இறக்கம்தான் கயிற்றைத் திரிக்கிறது. பத்துத் தடவை, இரண்டு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். சுகமாக இருந்தால் கிழமைக்கு ஒரு தடவை தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள். போத்தல் நிரம்பி அரைக் கிலோ ஆனபின், சீலைப் பையில் ஒரு கிலோ சீனியைப் போட்டு அதன் பிடியைப் பற்றிச் செய்யலாம். சுருட்டிய துவாயை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக முறுக்கித் தளர்த்துவதையும் அப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோகும்போது செய்யலாமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். பூச்சியம் நோவில்லை, பத்து தாங்க முடியாத நோவு என்று வைத்தால், மூன்று வரை போகலாம். அடுத்த நாள் காலையில் நோவு முந்தின நாள் இருந்த அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். கூடியிருந்தால் பாரத்தைக் குறையுங்கள், பயிற்சியை விடாதீர்கள். முதல் ஆறு கிழமையில் பெரிய வித்தியாசம் தெரியாமல் பலர் கைவிடுகிறார்கள். தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அது தன்பாட்டில்தான் திருந்தும். மூன்று மாதம் என்று மனதில் வைத்துத் தொடங்குங்கள். பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் மாறிவிடும். சத்திரசிகிச்சை வரை போகிறவர்கள் மிகக் குறைவு.

ஊசியைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மாட்டேன். ஸ்டீரொயிட் ஊசி போட்ட ஒரு கிழமையில் நோவு பறந்துவிடும். போட்டவருக்கும் போடப்பட்டவருக்கும் சந்தோஷம். ஆனால் 2006இல் வெளிவந்த, அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 198 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு ஊசி, ஒரு பகுதியினருக்கு இயன்மருத்துவம், மற்றவர்களுக்கு ஆலோசனை மட்டும். ஆறு கிழமையில் ஊசிக்காரர்தான் முன்னுக்கு. அதன் பின் கதை மாறியது. ஊசியால் சுகமான 65 பேரில் 47 பேருக்கு நோவு திரும்பி வந்தது. வருட முடிவில் ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களை விட ஊசி போட்டவர்களே பின்தங்கியிருந்தார்கள். 2013இல் அதே நகரத்திலிருந்து 165 பேரை வைத்து வந்த இன்னோர் ஆய்வும் அதையே காட்டியது: ஒரு வருடத்தில் முற்றாகவோ பெருமளவோ சுகமானவர்கள் ஸ்டீரொயிட் போட்டவர்களில் நூற்றுக்கு 83, மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 96.

எப்படி என்று யோசித்தால் விளங்கும். நோவு இல்லாததால் பழைய வேலை முழுவதையும் பழைய மாதிரியே தொடங்குகிறோம், கயிறு திருந்தியிருக்கவில்லை. மருந்தும் தசைநாணைப் பலவீனப்படுத்துகிறது. சலரோகக்காரருக்குச் சில நாளுக்குச் சீனி ஏறும். போட்ட இடத்துத் தோல் மெலிந்து வெளிறுவதும் உண்டு, எங்கள் நிறத்துக்கு அது நன்றாகத் தெரியும். மகளின் கலியாணத்துக்கு இன்னும் பத்து நாள், கை அசைக்க முடியவில்லை என்றால், விஷயம் தெரிந்து ஒரு தடவை போட்டுக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது, மூன்றாவது ஊசியைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்: "இதற்குப் பதிலாகப் பயிற்சிக்கு அனுப்ப முடியுமா?" அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியரின் கடிதத்தோடு போனால் இயன்மருத்துவத்துக்குக் காசு இல்லை.

நான் சொன்னதை ஒழுங்காகச் செய்தும் மூன்று மாதத்தில் குறையவில்லை, அல்லது பிடியில் பலம் போய்க் கோப்பை கை நழுவுகிறது, விரலை நிமிர்த்த ஏலாமல் இருக்கிறது, இரவில் சும்மா இருக்கும்போதும் நோகிறது என்றால் வைத்தியரிடம் போக வேண்டும். போகும்போது எப்போது தொடங்கியது, எந்த வேலையில் கூடுகிறது, என்ன குளிசை எடுத்தீர்கள், எத்தனை ஊசி போட்டீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு மேசையும் கொஞ்சத் தண்ணீர்ப் போத்தலும் வைத்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் அங்கே நிற்பேன். கை நோகிறவர்கள் வாருங்கள், மணிக்கட்டை எந்த இடத்தில் வைப்பது என்று பிடித்தே காட்டுகிறேன்.